கலைத்து வைத்த அறை

பெண்கள் விடுதி, இரண்டாம் மாடி
பிப்ரவரி 3

ஆணிக்கு,

நலம் விசாரிக்கும் வரியை இரண்டு பேருமே விட்டுவிடலாம். நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இனிமேல் போன் வேண்டாம். போன வாரம் பேசினோமே, அது பேச்சா? நீங்கள் "ம்" என்றீர்கள், நான் "ம்" என்றேன். நடுவில் உங்கள் பக்கம் குக்கர் விசில் அடித்தது. மூன்று பேரில் அதுதான் கொஞ்சம் மனம்விட்டுப் பேசியது. கடிதம் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயைத் திறக்க முடியாது. நமக்கு இப்போது அது நல்லது.

வந்து சேர்ந்துவிட்டேன். அறையில் இரண்டு கட்டில். இன்னொன்று ஒரு நர்ஸினுடையது. அவளுக்கு இரவு வேலை. நான் அலுவலகத்திலிருந்து வரும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். முகம் பார்க்காமலே ஒற்றுமையாக இருக்கிறோம்.

அகராதி அலுவலகம் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறது. மேசைகளில் பிள்ளைகள் காம்பஸால் கீறிய பெயர்கள் இன்னும் இருக்கின்றன. அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியருக்கு இங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் முற்றுப்புள்ளி. அவர் வந்து நின்றால் எந்தப் பேச்சும் அதோடு முடிந்துவிடும். ஆளுக்குக் கொஞ்சம் சொற்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்த முதல் வினைச்சொல் 'கலை'. கலைந்தது, கலைத்தான் என்கிறோமே, அது. நான் கேட்டு வாங்கவில்லை. எழுத்து வரிசையில் என் மேசைக்கு அது வந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்கள்.

புத்தகங்களிலிருந்து எடுத்த வாக்கியங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. முனிவரின் தவம் கலைந்தது, மன்னன் சபையைக் கலைத்தான். மனிதர் யாரும் பேசாத வாக்கியங்கள். வேலை பார்க்கிறவர்கள் வாயில் இந்தச் சொல் எப்படி வருகிறது என்று வேண்டும். நாடக அரங்கில் செட் போடுகிற தச்சருக்கு இது தினமும் புழங்குகிற சொல்தானே? தெரிந்ததை எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

என் பழுப்பு ஸ்வெட்டர் அலமாரியின் அடித்தட்டில் இருக்கும். அதையும் அனுப்புங்கள்.

இப்படிக்கு என்று போட்டு அப்புறம் என்ன எழுதுவது என்று தெரியாததால்,
நான்தான்


வீடு
பிப்ரவரி 11

அகராதி பிடித்தவளே,

கல்யாணம் ஆன நாளிலிருந்து உன்னை இப்படித்தான் கூப்பிடுகிறேன். இப்போது சம்பளம் கொடுத்து அதை உத்தியோகமாகவே ஆக்கிவிட்டார்கள்.

'நீங்கள்' போட்டு எழுதியிருக்கிறாய். சின்னக் கோபத்துக்கு 'டா', நடுத்தரக் கோபத்துக்கு மௌனம், பெரிய கோபத்துக்கு 'நீங்கள்'. புரிந்தது. ஸ்வெட்டரை அனுப்பிவிட்டேன். சும்மா அனுப்பாமல் துவைத்து அனுப்பினேன். கொஞ்சம் சுருங்கியிருக்கும். அதற்கும் சேர்த்து 'நீங்கள்' போட்டுக்கொள்.

கேட்டதை எழுதுகிறேன். எங்கள் அரங்கில் நாடகம் முடிந்ததும் மேனேஜர் வாசலிலிருந்து கத்துவார்: "கூட்டம் கலைஞ்சாச்சா? அப்ப செட்டைக் கலைங்கப்பா!" முதலில் கூட்டம் கலையும், அடுத்து செட், கடைசியில் வேஷம். ராஜா வேஷம் கட்டுகிறவர் மட்டும் மீசையோடேயே உட்கார்ந்து டீ குடிப்பார். "கலைச்சா நாளைக்கு மறுபடி ஒட்டணும், தோலு போயிடுது" என்பார். சீட்டாட்டத்தில் பெயிண்டர் அண்ணன் என்னைத் திட்டுவது: "நல்லாக் கலைடா, போன ஆட்டத்துச் சீட்டே திரும்பி வருது." அவருடைய தங்கைக்கு வந்த சம்பந்தத்தை எவனோ மொட்டைக் கடிதாசு போட்டுக் கலைத்துவிட்டான். அதுவும் கலைதான். எலெக்ட்ரீஷியன் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அவன் பெண்டாட்டி உட்கார வைத்துப் பேசி அவன் மனதைக் கலைத்துவிட்டாள். இப்போது ஒழுங்காக வேலைக்கு வருகிறான். நல்லதற்கும் கலைக்கலாம் போலிருக்கிறது, குறித்துக்கொள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகப் போடு. உடைப்பது வேறு, கலைப்பது வேறு. உடைத்தது உடைத்ததுதான். கலைத்தது திரும்பச் சேரும். செட்டைக் கலைக்கும்போது ஒவ்வொரு பலகைக்குப் பின்னாலும் பென்சிலால் எண் போடுவேன். எண் இருந்தால் எவன் வேண்டுமானாலும் அதை மறுபடி நிறுத்தலாம்.

இங்கே எல்லாம் அப்படியே இருக்கிறது. ஹால் பெரிதாகத் தெரிகிறது. நாற்காலியை இங்கே போட்டுப் பார்த்தேன், அங்கே போட்டுப் பார்த்தேன். எங்கே போட்டாலும் யாரோ வந்து உட்காரப் போகிற மாதிரியே இருக்கிறது. அதனால் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, "அவ எப்ப வருவா?" என்று கேட்டார். "வேலை முடிஞ்சதும் வருவா" என்றேன். "வேலை எப்ப முடியும்?" "வார்த்தையெல்லாம் தீர்ந்ததும்."

நீ கேட்காததைக் கடைசியில் எழுதிவிட்டேன். மன்னித்துவிடு.

ஆணி


விடுதி
பிப்ரவரி 24

ஆணிக்கு,

ஹால் பெரிதாகத் தெரிகிறது என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

ஹாலின் ஜன்னல் பக்க மூலையைப் பலகைத் தடுப்பு வைத்து மறித்து அறையாக்கியது நீங்கள்தான். எப்போதும் உதட்டில் ஆணியைக் கவ்விக்கொண்டு திரிகிறவர், அதனாலேயே ஆணி என்று பெயர் வாங்கினவர், அந்த அறையில் மட்டும் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. பிள்ளை கையில் கிழித்துவிடும் என்று எல்லாவற்றையும் மர ஆப்பு வைத்தே நிறுத்தினீர்கள். தொட்டில், தாழ்வான அலமாரி, உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஒரு கதவு. "நாம எப்படி உள்ளே போறது?" என்று கேட்டேன். "தவழ்ந்து போ, உனக்கும் பழக்கமாகட்டும்" என்றீர்கள். நான் மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். நெளிநெளியாக அடித்திருக்கிறேன் என்று சிரித்தீர்கள்.

டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அது ஐந்தாம் மாதம். வெறும் கையோடு திரும்பினேன். கதவைத் திறந்தால் அறை இருந்த இடத்தில் ஹால் இருந்தது. தரையைக்கூடத் துடைத்திருந்தீர்கள். ஒரு மரத்தூள் இல்லை, ஒரு மஞ்சள் சொட்டு இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்த அறைக்குள் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். பெயர் வைக்கவில்லை. முகம் பார்க்கவில்லை. அப்படி ஒன்று இருந்தது என்று சொல்ல எனக்கு அந்த மஞ்சள் பலகைகள்தான் இருந்தன. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள்.

அப்புறம் உங்கள் தங்கை போன் செய்தாள். "அண்ணி, தானா கலைஞ்சுதா, இல்ல டாக்டர் கலைக்கச் சொன்னாரா?" பாவம், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அகராதியில் இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்கிறோம். அன்றைக்கு எனக்கு இரண்டில் ஒன்றும் வாயில் வரவில்லை.

இந்தச் சொல்லுக்கு இதுவரை சேர்ந்த எல்லாப் பொருளுக்கும் எடுத்துக்காட்டு எழுதிவிட்டேன். ராஜாவின் மீசையும் எலெக்ட்ரீஷியனின் மனதும் உள்ளே போயாயிற்று. ஒரு பொருளுக்கு மட்டும் எதிரே வெற்றிடம். முற்றுப்புள்ளி கேட்டார்: "என்னம்மா, வாக்கியம் கிடைக்கலையா?" "பெட்டியில நிறைய இருக்கு சார்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கலைத்தது சேரும் என்ற உங்கள் விதியை அகராதியில் போட முடியாது. கலைந்த மேகம் சேர்வதில்லை. கலைந்த கனவு சேர்வதில்லை. செட்டுக்கு மட்டும்தான் நீங்கள் எண் போட முடியும்.

இன்னொன்று. இங்கே இரண்டு வருஷத்துக்கு வேலை போட்டுத் தருகிறார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். யாரும் என் மனதைக் கலைக்க வேண்டாம்.


வீடு
மார்ச் 6

மரியாதைக்குரிய அகராதி அம்மையாருக்கு,

'நீங்கள்' போட எனக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னிடம் சொன்னது: "கூட்டிட்டுப் போங்க, வீட்டில அவங்க நிம்மதியா இருக்க ஏற்பாடு பண்ணுங்க." எனக்குத் தெரிந்த ஏற்பாடு ஒன்றுதான். ஆட்டம் முடிந்தால் மேடையைக் காலி செய்வது. அடுத்து உள்ளே வருகிறவர் கண்ணில் பழைய நாடகத்தின் ஒரு துணித் துண்டுகூடப் படக் கூடாது. அப்படித்தான் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தார்கள், அப்படித்தான் இத்தனை வருஷம் பிழைக்கிறேன். உள்ளே வந்ததும் அந்தக் குட்டிக் கதவு உன் கண்ணில் பட்டு நீ அங்கேயே உடைந்துவிடுவாய் என்று பயந்தேன். பயந்து செய்ததில் என் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது, நீயே எடுத்துக் காட்டு.

உன்னைச் சுற்றி உன் அம்மா இருந்தார், உன் அக்கா இருந்தாள். எதிரில் வந்தவன் போனவன் எல்லாம் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அவ எப்படி இருக்கா?" "நீ எப்படிடா இருக்கே?" என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிடலாம் என்று எழுதியது யார்? நானா?

நீ மட்டும்தான் ஐந்து மாதம் சுமந்தாய், சரி. எனக்கு வயிற்றில் இடம் இல்லை, அதனால் ஹாலில் இடம் செய்தேன். அதைக் கழற்றும்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்டதே இல்லை. அந்தப் பலகைகள் எங்கே என்றுகூடக் கேட்டதில்லை. அடுப்புக்குப் போயிருக்கும் என்று நீயாகவே முடிவு கட்டிவிட்டாய்.

வேலையை ஏற்றுக்கொள். இரண்டு வருஷம் என்ன, கடைசி எழுத்து வரைக்கும் இருந்து முடித்துவிட்டு வா. யார் மனதையும் கலைக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது பலகையும் சுத்தியலும்தான்.

ஆணி


விடுதி
ஏப்ரல் 2

ஆணி,

எப்படி இருக்கிறாய்?

இதை எழுதவே இவ்வளவு நாள் ஆகிவிட்டது. உன் கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்தேன். கிழிக்கவில்லை. தினமும் அலுவலகத்துக்கு எடுத்துப்போய், திரும்பக் கொண்டுவந்தேன். நீ சொன்னது உண்மை. நான் கேட்கவில்லை. துக்கத்தை முழுசாக நானே வாரிக்கொண்டு, உனக்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நர்ஸ் பேசுகிற தமிழ் வேறு மாதிரி. போன வாரம் ஒரு நாய்க்குட்டி மாடிப்படி ஏறி வந்து எங்கள் வாசலில் நின்றது. "அதைக் கலைச்சு விடுங்க" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் ஊர்ப் பக்கம் கலைப்பது என்றால் விரட்டுவதாம். நான் உடனே அகராதிக் குறிப்புச் சீட்டை எடுத்துக் குறித்துக்கொண்டேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "உங்களையும் வீட்டில கலைச்சு விட்டவங்களோ?"

"யாரும் கலைக்கல. நானாத்தான் வந்தேன்."

"பின்ன ஏன் இன்னும் பையைப் பிரிக்காம கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருக்கீங்க?"

தேவையானதை மட்டும் எடுத்து உடுத்துகிறேன், துவைத்ததும் மறுபடி பைக்குள் வைத்துவிடுகிறேன். நான் அப்படிச் செய்கிறேன் என்றே அவள் சொல்லித்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். விடுதியில் மற்றவர்கள் எல்லாம் எங்காவது போய்விடுவார்கள். குழாய் சொட்டுகிற சத்தம் கீழ்த்தளத்திலிருந்து கேட்கும். போன ஞாயிறு நர்ஸுக்கு விடுமுறை. "தலை இப்படிக் கலைஞ்சு கிடக்கே" என்று சொல்லி, நான் கேட்காமலே சீப்பை எடுத்துவந்து வாரிவிட்டாள். ஊசி போட, கை பிடித்துப் பார்க்க என்றில்லாமல் சும்மா என்னை ஒருவர் தொட்டு எத்தனையோ நாளாகிவிட்டது, ஆணி. அழுதுவிட்டேன். சிக்கு இழுக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அவள் மெதுவாக வாரினாள்.

ஒன்று கேட்கிறேன். கோபமில்லாமல் கேட்கிறேன்.

பலகைகள் எங்கே?


வீடு
ஏப்ரல் 14

அகராதி,

கேட்டுவிட்டாய். இனி எழுதலாம்.

பலகைகளை அன்றைக்கே அரங்கத்துக் கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டேன். பழைய திரையில் சுற்றி, ஆப்புகளை ஒரு துணிப்பையில் போட்டு, மேல் தட்டில் வைத்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் எண் போட்டிருக்கிறேன். எண் போட்டுக்கொண்டிருந்தபோது, இதை எதற்குப் போடுகிறாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். திரும்ப நிறுத்தப் போகாததற்கு நாங்கள் யாரும் எண் போடுவதில்லை. கை போட்டது, நான் தடுக்கவில்லை.

அங்கேதான் இருக்கிறது என்று எழுத முடியாது. நடந்ததைக் கேள்.

உனக்கு அந்தக் கோபக் கடிதத்தைப் போட்டுவிட்டு நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து ஒரு புது நாடகம் வந்தது. இயக்குநர் ஓர் அம்மாள். கதையில் ஒரு குழந்தையின் அறை வேண்டுமாம். தச்சன் இல்லையே என்று பெயிண்டர் அண்ணன் கிடங்கைக் குடைந்திருக்கிறார். மூட்டை கண்ணில் பட்டிருக்கிறது. எண்ணெல்லாம் தெளிவாக இருக்கிறது. ஏதோ பழைய செட் என்று நினைத்து, அவரே ஆளை வைத்து நிறுத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனேன். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் மேடை நடுவில், விளக்கு வெளிச்சத்தில், நம் அறை நிற்கிறது. உன் மஞ்சள் நெளிநெளியாக அப்படியே தெரிகிறது. "யாருடா இதை எடுத்தது?" என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். "அலமாரி ஜன்னல் பக்கம் வரணும்" என்று வந்தது. இடம் மாற்றி வைத்திருந்தார்கள். நானே மேலே ஏறிப் போய் மாற்றினேன். இயக்குநர் அம்மாள், "ரொம்ப நல்லா இருக்கே, யார் செஞ்சது?" என்று கேட்டார். "பழைய செட்டும்மா" என்றேன்.

நாடகத்தில் ஒரு பெண் அந்தத் தொட்டிலில் துணிப் பொம்மையைப் போட்டு ஆட்டுவாள். பொம்மை என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் உதட்டில் விரல் வைத்ததும் கூட்டத்தில் இருமுகிறவன்கூட அடக்கிக்கொள்வான். ஒவ்வொரு ஆட்டமும் நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அங்கேதான் முதல் தடவையாக அழுதேன். டிசம்பரிலிருந்து அழ ஓர் இடம் கிடைக்காமல் அலைந்திருக்கிறேன். திரைக்குப் பின்னால் இருட்டு, யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், வேலை நேரம் வேறு. வசதியான இடம்.

ஞாயிறு மதியம் கடைசி ஆட்டம். கூட்டம் கலைந்தது. மேனேஜர் வழக்கம்போலக் கத்தினார்: "செட்டைக் கலைங்கப்பா!" சுத்தியலோடு போய் நின்றேன். முதல் ஆப்பின் மேல் கை வைத்தேன். தட்ட முடியவில்லை.

"என்னப்பா, உடம்பு இன்னும் சரியாகலையா? வேற ஆளை விடவா?"

"யாரும் தொடக் கூடாது சார்."

அவரிடம் நான் இப்படிப் பேசியதே கிடையாது. பெயிண்டர் அண்ணன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவரிடம் சொன்னேன். அவர் மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுப்போய்ச் சொன்னார். மேனேஜர் திரும்பி வந்து, "இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் மேடை சும்மாதான் கிடக்கு. அதுக்கப்புறம் இருந்தா உன்னையும் சேர்த்துக் கலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். நல்ல மனுஷன்.

ஒரு தடவை உன்னைக் கேட்காமல் கலைத்துவிட்டேன். இந்தத் தடவை நீ இல்லாமல் தொட மாட்டேன். அந்த அறைக்குள் உட்கார வேண்டும் என்றாயே, வந்து உட்கார். வேண்டுமட்டும் உட்கார். பிறகு நீ சொன்னால் சேர்ந்து கலைப்போம். வேலையைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். இப்படித்தான் இருக்கிறேன்.

ஆணி


விடுதி
ஏப்ரல் 18

ஆணி,

இருபத்து மூன்றாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நேரே அரங்கத்துக்கு வந்துவிடுவேன். பஸ் நிலையத்துக்கு வராதே. வீட்டுக்கு வர எனக்கு இன்னும் துணிச்சல் இல்லை, அன்றைக்கே திரும்பிவிடுவேன். அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

முதலில் நான் மட்டும் உள்ளே போகிறேன். நான் கூப்பிட்டதும் நீ வா. தவழ்ந்து வா.


வீடு
ஏப்ரல் 27

அகராதி,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ் கிளம்பியதும் நீ ஜன்னல் கண்ணாடியைத் திறக்கப் பார்த்தாய், அது திறக்கவில்லை. ஏதோ சொன்னாய். எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் தலையாட்டி வைத்தேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்று எழுது.

நீ உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குட்டிக் கதவு வழியாக உன் பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன. செருப்பை வெளியே கழற்றி விட்டிருந்தாய். இத்தனை வருஷம் எத்தனையோ நாடகத்துக்கு செட் போட்டிருக்கிறேன், ஒரு நாடகத்தையும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். நீ "ஆணி" என்று கூப்பிட்டதும், தவழத் தெரியாமல் தலையை நிலையில் இடித்துக்கொண்டு வந்தேன் பார், அந்தப் புடைப்பு இன்னும் வற்றவில்லை. நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எங்கே போய் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் நாடகம் என்று டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

"போதும், கலைக்கலாம்" என்று நீதான் சொன்னாய். முதல் ஆப்பை நீதான் தட்டினாய். வீட்டுக்கு வா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று அப்போதிலிருந்து மண்டையைக் குடைகிறது.

மூட்டையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஹாலில், அந்த மூலையிலேயே சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன். இப்போது நாற்காலியை எங்கே போடுவது என்று குழப்பமில்லை, அதன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஆனால் ஒரு தொல்லை. பலகையெல்லாம் சரியாக இருக்கிறது. துணிப்பையைக் கொட்டிப் பார்த்தால் பெரிய ஆப்பைக் காணோம். கதவு நிலையையும் தடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிறதே, அது. மேடைக்கு அடியில் புகுந்து தேடினேன். கிடங்கைப் புரட்டினேன். "கலைக்கிற இடத்துல நின்னு வேடிக்கை பார்த்தா இப்படித்தான்" என்று பெயிண்டர் அண்ணனிடம் சத்தம் போட்டுவிட்டேன், பாவம். ஊருக்கெல்லாம் ஆப்பு வைக்கிறவனுக்கே ஆப்பு கிடைக்கவில்லை. மற்ற எதை நிறுத்தினாலும் அது இல்லாமல் அறை நிற்காது. புதிதாக ஒன்று செதுக்கலாம், அரை மணி வேலைதான். உளி எடுத்து உட்கார்ந்தேன். மனம் வரவில்லை.

ஏப்ரல் முடியப் போகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆணி


விடுதி
மே 3

ஆணி,

முதல் வேலையாகப் பெயிண்டர் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேள். ஆப்பு என்னிடம் இருக்கிறது. நீ பலகையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அலுவலகத்தில் என் சீட்டுகள் காற்றில் பறக்காமல் அதைத்தான் மேலே வைத்திருக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டியிருக்கிறது.

அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டேன். வேறு யாருடைய வாக்கியமும் எனக்குப் பொருந்தவில்லை, அதனால் நானே எழுதினேன்: 'எங்களுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்தது.' முற்றுப்புள்ளி பார்த்துவிட்டு, 'எங்களுக்கு' என்பதை அடித்து 'அவளுக்கு' என்று திருத்தினார். "அகராதியில நாம வரக்கூடாதும்மா. அதுவுமில்லாம, அது பொம்பளைக்குத்தானே." நான் அவர் கண் முன்னாலேயே 'அவளுக்கு' என்பதை அடித்துவிட்டு மறுபடியும் 'எங்களுக்கு' என்று எழுதினேன். "இல்ல சார். அவருக்கும்தான்" என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருஷ வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கையில் எடுத்த வரிசையைப் பாதியில் விட முடியாது. அதை முடிக்க ஜூன் கடைசி ஆகும். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளியாக வேண்டும். தள்ளிவிடுவேன். வந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை, நீயும் அப்படி நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பலகைகளை மறுபடி அறையாகத்தான் நிறுத்த வேண்டுமா, இல்லை இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேசையாக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சேர்ந்து பார்ப்போம்.

பஸ் ஜன்னலில் நான் சொன்னது, நின்றுகொண்டு சாப்பிடாதே என்று. நீ தலையாட்டிவிட்டாய், இனி மாற்றக் கூடாது.

பை இன்னும் கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலேதான் இருக்கிறது. நர்ஸ் இப்போதெல்லாம் அதைப் பற்றிக் கேட்பதில்லை.

உளியை எடுத்து உள்ளே வை, ஆணி. புதிதாக எதையும் செதுக்காதே. நானே கொண்டுவருகிறேன்.